தீவுக் கடலின் மீன்வளமும் சராசரிக் கணக்கும்

பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள கேம்பல் பே, 1969-ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேற்றப்பட்ட ஊராகும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சென்னையோ அதற்கும் அப்பால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய இடத்தில் மீன்பிடித் தொழில் பெருந்தொழிலாக வளராதது வியப்பன்று. இத்தொலைவு வளர்ச்சிக்குத் தடையாக இருந்ததென்பர். அதுவே இக்கடலுக்குக் காவலாகவும் இருந்து வந்தது என்பதை எடுத்துக் கூறுவோர் குறைவு.

நாட்டின் தனிப்பொருளாதாரக் கடற்பகுதியான சுமார் 20 இலட்சம் சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 6 இலட்சம் அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சார்ந்தது. இப்பகுதியில் ஆண்டுதோறும் பிடிக்கத்தக்க மீனின் அளவு 1.48 இலட்சம் டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. நெடுங்காலமாகப் பிடிபட்டு வந்ததோ அதில் பாதிக்கும் குறைவு. எனவே, ‘பயன்படுத்தப்படாத வளம்’ என்னும் சொற்றொடர் கோப்புகளில் தவறாது இடம் பெறுகின்றது. கருவூலத்தில் செலவிடப்படாமல் கிடக்கும் தொகையைப் போன்று இந்த மீனையும் கருதிவிடுகிறோம்.

அந்த 1.48 இலட்சம் டன் எங்கே இருக்கின்றது என்பதே கேட்க வேண்டிய வினா. அதில் ஏறத்தாழ 60,000 டன் சூரையும் அதனைச் சார்ந்த இனங்களும் ஆகும். இவை ஆழ்கடலில் நெடுந்தொலைவு திரிபவை. கரையை ஒட்டிய கண்டத்திட்டு இத்தீவுகளுக்கு மிகக் குறுகியது. மொத்தம் சுமார் 35,000 சதுர கிலோமீட்டரே. பெரிய ஆறுகள் உரம் கொண்டுவந்து சேர்க்கும் வங்கக் கடலின் வடபகுதியைப் போன்றதன்று இது. பவளப்பாறைகளைச் சுற்றி மீன் மிகுந்து காணப்பட்டாலும், அது மெதுவாக வளரும் மீன். சிறு படகுகள் சென்றுவரக்கூடிய இடமும் இந்தக் குறுகிய பகுதியே. ஆகவே, மொத்தக் கணக்கில் பெருமளவு எஞ்சியிருக்கும்போதே, கரையோரப் பாறைகளில் அளவுக்கு மீறிய பிடிப்பு நிகழக்கூடும்.

கலவா மீன் இதற்குத் தக்க சான்று. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நல்ல விலை பெறும் இம்மீன், அந்தமான் கடலிலிருந்து சென்னை வழியாக ஏற்றுமதியாகி வருகின்றது. பல கலவா இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, மேலும் பெருத்த பின்னரே ஆணாக மாறுகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் குறிப்பிட்ட சில பாறையிடங்களில் கூட்டமாகச் சேர்கின்றன. பெரிய மீனுக்கே விலை அதிகமென்பதால், அவற்றைத் தேடிப் பிடிக்கும்போது ஆண் மீன்களே முதலில் குறைகின்றன. சேருமிடம் தெரிந்துவிட்டால் ஒரு பருவத்திலேயே பேரிழப்பு நேரலாம். 2004 டிசம்பர் 26-இன் நிலநடுக்கத்தில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்ததும், நிக்கோபாரின் அலையாத்திக் காடுகளில் பெரும்பகுதி அழிந்ததும், பாறைகள் சிதைந்ததும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கவை.

எவருக்கும் உரிமையில்லாத மீன்வளத்தில் ஒவ்வொருவரும் தம் ஆதாயம் கருதி முந்துவதால் இறுதியில் அனைவருடைய ஆதாயமும் கரைந்துபோகும் என்பதைக் கனடாவின் பொருளியலறிஞர் ஸ்காட் கார்டன் 1954-லேயே விளக்கினார். அதே நாட்டின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன்வளம் குலைந்து, 1992-இல் மீன்பிடிப்பே நிறுத்தப்பட நேர்ந்தது. நம் நாட்டில் கேரளத்தின் மத்தி மீன் 2012-இல் 3.9 இலட்சம் டன் அளவில் கிடைத்தது. 2021-இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. கடலின் வெப்பநிலை மாற்றங்களுக்கும் இதில் பெரும்பங்குண்டு. எனினும், நலிந்த வளத்தின்மீது குஞ்சு மீன்களையும் வாரும் வலைகள் மேலும் சுமை ஏற்றின.

அப்படியாயின் மீனை வளர்த்துக்கொள்ளலாமே எனலாம். உலகில் 2022-இல் முதன்முறையாக, பிடிக்கப்பட்ட மீனைவிட (9.1 கோடி டன்) வளர்க்கப்பட்டது (9.44 கோடி டன்) மிகுந்தது. ஆனால், வளர்ப்பு என்பது ஒரே தொழிலன்று. தவிடும் பிண்ணாக்கும் உண்ணும் குளத்துக் கெண்டை கடலுக்குப் பாரமாவதில்லை. இறால், கூண்டில் வளரும் கலவா, கடல் விரால் ஆகியவற்றின் தீவனத்திலோ மீன் தூளும் சிறு மீன்களும் சேர்கின்றன; கடலிலிருந்து எடுத்ததையே கடல் மீனுக்கு இடுகிறோம். தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரைகளில் 1990-களில் பெருகிய இறால் பண்ணைகள் 1994-95-இல் வெண்புள்ளி நோயால் நொடித்தன. நிலமும் நிலத்தடி நீரும் உவர்ப்பேறியது குறித்து எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் வந்தது. குஞ்சும் தீவனமும் கப்பலில் வரவேண்டிய தீவில், எஞ்சிய அலையாத்திக் காட்டை வெட்டிக் குட்டை அமைப்பது வரவைவிடச் செலவையே கூட்டும். தீவனம் வேண்டாத கடற்பாசி வளர்ப்பு, சிப்பி வளர்ப்பு ஆகியவற்றைச் சிறிய அளவில் முயன்று பார்க்க இடமுண்டு.

கலத்தியா விரிகுடாத் துறைமுகத்தை உள்ளடக்கிய பெரிய நிக்கோபார் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. துறைமுகம் உருவாகும்போது குடியிருப்பும் மீன் தேவையும் பெருகும். குளிர்பதன வசதியும் கப்பல் போக்குவரத்தும் கைகூடும். தொலைவு அளித்து வந்த காவல் அன்று நீங்கிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் நடைமுறையிலுள்ள தடைக்காலம் இத்தீவுகளுக்கும் உரியதே. ஆயினும், விசைப்படகுகளைக் கருதி வகுக்கப்பட்ட அத்தடை, தூண்டிலில் பிடிபடும் கலவாவைக் காப்பாற்றும் என எதிர்பார்ப்பதற்கில்லை. சூரைக்கும் பாறை மீனுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தல், கலவாவுக்குக் கீழளவு மட்டுமன்றி மேலளவும் விதித்தல், அவை கூடும் இடங்களை மீனவரிடமே கேட்டறிந்து அப்பருவத்தில் மூடிவைத்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிக்கும் பணிகளல்ல. மீன்பிடிப் படகுகளுக்கான மானியத்தையும் ஆழ்கடல் சூரைத் தூண்டில் முறைக்கே முதலில் வழங்கலாம். இவற்றைத் துறைமுகத்தின் முதற்கப்பல் வருமுன்பே தொடங்குவது எளிது. ஏற்றுமதி வணிகம் வேரூன்றிய பின்னர் விதி வகுப்பது எத்துணைக் கடினம் என்பதைப் பாக் நீரிணையின் இழுவலைப் படகுகளைக் கையாண்ட அலுவலர் எவரும் அறிவர்.