கலைக்கும் கணக்கு உண்டு

பாவு ஓட்டி, கஞ்சியிட்டு, அச்சில் பிணைத்து, ஊடை செலுத்திய பின்னரே துணி பிறக்கின்றது. கிள்ளிய கொழுந்தும் வாட்டல், உருட்டல், புளிக்க வைத்தல், உலர்த்தல் ஆகிய நிலைகளைக் கடந்தே தேயிலைத் தூளாகின்றது. இவ்வுண்மைகளை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஓவியம் பயிலும் மாணவரின் வேலை மட்டும் ஏதோ ஒரு கணத்தில் கைவந்துவிடும் விளையாட்டு என்று நம்மில் பலர் கருதுகிறோம். அக்கருத்து பிழையானது என்பதைச் சேரங்கோட்டில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் உள்ள சேரங்கோடு, தேயிலையும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஊராகும். சென்ற வைகாசியில் தணிக்கையின் பொருட்டு அவ்வூர் சென்றிருந்தபோது, சிறு விவசாயியான அங்கத்தினர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து எட்டாயிரம் ரூபாய் எடுக்கச் சங்கத்திற்கு வந்தார். கவின்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் அவர் மகள், ‘கலப்பு ஊடக வடிவமைப்பு’ என்னும் செயல்திட்டத்திற்காக அத்தொகையைக் கேட்டிருந்தாள். எடுத்துக்கொண்ட பொருளோ, இரவில் தேயிலைச் சரிவைக் கடந்து செல்லும் யானைக் கூட்டம்.

“ஐயா, முந்தாநாள் இரவுதான் என் வாழையை யானை மிதித்துப் போட்டது. மின்வேலிக்கு வைத்திருந்த பணம் இது. மிதித்த யானையையே படமாகச் செய்வதற்கு இதைக் கொடுக்க வேண்டுமா?” என்று அவர் நம்மை வினவினார்.

பாதித் தொகையை மட்டும் எடுக்குமாறு நாம் ஆலோசனை கூறினோம். அஃது ஒரு வீண் செலவு என்றே அன்று நாமும் எண்ணினோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

கலப்பு ஊடகம் என்பது யாது?

வண்ணம் ஒன்றை மட்டும் நம்பாமல், துணி, நூல், கம்பி, மரம், காகிதம் முதலிய பல பொருள்களை ஒரே படைப்பில் இணைப்பதே கலப்பு ஊடகமாகும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்று சுருங்கும், ஒன்று துருப்பிடிக்கும், ஒன்று வெயிலில் வெளுக்கும். அவற்றை ஒத்துப்போகச் செய்வதே இக்கலையின் அருமை. பருத்தியோடு பட்டையோ சரிகையையோ சேர்த்து நெய்தவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

முதற்படி: காண்டலும் அளத்தலும்

அப்பெண் முதல் மாதத்தில் எதையும் செய்யத் தொடங்கவில்லை, குறிப்பேட்டை நிரப்பினாள். யானை தேயிலையைத் தின்பதில்லை. வாழையையும் பலாவையும் நாடிச் செல்கையில் தேயிலைக்கு இடையே வழி காண்கிறது. அவ்வழியை அவளுக்குக் காட்டியவர் தந்தையே. ஈர மண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றி அவர் ஒரு கயிற்றை வைத்து அளந்தார். அவ்வளவை இரட்டித்தால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய கிடைக்கும். நான்கடிச் சுற்றுள்ள தடம் எட்டடி உயர யானையைக் காட்டும். அதில் நான்கில் ஒரு பங்காக, இரண்டடி உயரத்தில் தாய் யானையை அமைப்பதென மகள் முடிவு செய்தாள்.

இரண்டாம்படி: பொருளைத் தேர்தல்

இதற்கு வழிகாட்டியாக அமைந்தது கூடலூர்ப் பகுதியில் நடந்துவரும் ஒரு முயற்சி. உண்ணிச்செடியை அறியாத மலைவாசி இல்லை. அழகுச் செடியாக அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, இன்று காட்டையே அடைத்து நிற்பது அது. இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அது பரவியுள்ளதாக 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. கால்நடைகளுக்கு அது நஞ்சு.

பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், சோளகர் ஆகிய பழங்குடிக் கைவினைஞர்கள் இச்செடியின் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்து, உயிரளவான யானைகளைச் செய்துள்ளனர். இப்பகுதியில் உலவும் மெய்யான யானைகளே அவற்றிற்கு மாதிரி. அவை 2021இல் இலண்டன் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி, நியூயார்க் முதலிய நகரங்களுக்குச் சென்றன. காட்டுக்குக் கேடான செடி, கைத்திறனால் ஊதியம் தரும் பொருளாயிற்று.

அவ்வேலையில் பழகிய ஓர் அக்காளிடம் நம் மாணவி இரு வாரம் தண்டு வளைக்கக் கற்றாள். சூடு தணியுமுன் வளைக்க வேண்டும், தணிந்தால் முறியும். பழைய கொழுந்துச் சாக்கும், நெசவாளர் ஒருவர் அளித்த கழிவு நூலும், தேயிலைச் சாயமும் மற்றப் பொருள்களாயின.

மூன்றாம்படி: மாதிரியும் பிழையும்

ஆடியில் நாம் மீண்டும் சென்றபோது, மாணவி சோர்ந்திருந்தாள். அரிசிப் பசையால் துணியை ஒட்டிச் செய்த மாதிரிப் பலகை முழுவதும், தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டது. “இனிப் பசை வேண்டாம், ஐயா, தைக்கப் போகிறேன்” என்றாள். தண்டையும் துணியையும் கழிவு நூலால் பிணைத்தாள். ஊதகையில் தோடர் மகளிர், துணியில் எவ்வித வரைவுமின்றி இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்வதை அவள் கண்டிருந்தாள். அத்தோடர் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இழை எண்ணும் அப்பழக்கமே தன் தையலை நேராக்கியது என்று அவள் கூறினாள்.

மற்றொரு பிழை நன்மையாக முடிந்தது. துரு ஏறிய ஆணிகள் கிடந்த நீரில் தேயிலைச் சாயத் துணி தவறி விழ, பழுப்பு நிறம் யானைத் தோலின் கருஞ்சாம்பல் நிறமாக மாறியது. தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடினால் கறுக்கும். ஆயினும் இரும்பு மிகுந்தால் பருத்தி இழை இற்றுவிடும். ஆகவே, துருநீரை அளந்து கலந்து, ஆறு துண்டுகளைச் சாயமிட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தாள். சாயத் தொழிலில் உள்ள நம் அங்கத்தினர்கள் செய்யும் சோதனைக்கு இது எவ்வகையில் குறைந்தது?

நான்காம்படி: கணக்கு

தை மாதத்தில், ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட படைப்பு முடிந்திருந்தது. சாக்கின் முரட்டு இழைகளே தேயிலை வரிசைகள். அவற்றினூடே ஐந்து யானைகள். ஓர் ஓரத்தில் மிதிபட்ட வாழை. அவ்வாழையைக் கண்டு தந்தை நெடுநேரம் நின்றார்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை நாம் பார்த்தோம். பொருட்செலவு ரூ. 3,640, உழைப்பு 58 நாள். “இந்த ஐம்பத்தெட்டு நாள் கூலியை யார் தருவார், ஐயா?” என்றார் தந்தை. அவ்வினாவிற்கு நம்மிடம் உடனே விடை இல்லை. ஆனால் அவ்வினா அவருடையது மட்டுமன்று. புதிய கரை ஒன்றை அமைக்க நெசவாளர் செலவிடும் நாட்களும் எந்தப் பற்றுச்சீட்டிலும் ஏறுவதில்லை. எழுதப்படாத உழைப்பிற்கு எவரும் விலை தருவதில்லை. அதை எழுதி வைத்ததே அப்பெண் செய்த முதல் வாணிகம்.

இரண்டாவது வழி, ஒன்றுகூடுதல். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவர்களும், ஓவியம் மட்டும் சோறிடாது என்பதை உணர்ந்து, பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயின் துணைகொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். தனித்தனியே நின்றிருந்தால் அவர்களில் எவரால் கடற்கரையில் நிலம் வாங்கியிருக்க முடியும்?

எனவே, சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் கலை பயின்றால், மாதிரி செய்வதற்கான சிறு தொகையைக் கல்விச் செலவாகவே கருதுக. கழிவு நூலையும் பழஞ்சாக்கையும் அவர்களுக்கு அளித்திடுக. பொதுப்பேரவைக் கூட்டத்தன்று அவர்தம் படைப்பைச் சங்கக் கட்டடத்திலேயே வைத்திடுக. வடிவமைப்பு நாட்களை விலையில் சேர்க்கும் வழக்கத்தை இன்றே தொடங்குக.

நாம் புறப்படும் நேரத்தில், சேரங்கோட்டு அங்கத்தினர் மீதி நான்காயிரத்தை எடுக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். படைப்பைக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லும் வண்டிச் செலவிற்காம் அது. வைகாசியில் காரணம் எழுதும் இடத்தில் ‘மகள் செலவு’ என்று எழுதியிருந்தவர், இம்முறை ‘மகள் தொழில்’ என்று எழுதினார். நாம் மறு வார்த்தை கூறாமல் ஒப்பமிட்டோம்.