சிவப்பு விளக்கும் சிக்னல்தான்

பங்குச் சந்தையைப் பற்றி எழுத உமக்கு என்ன ஐயா தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, செகந்திராபாத் மெட்டுகுடா சிக்னல் பட்டறையிலும் லைனிலுமாக முப்பத்தேழு வருடம் உழைத்து, 2019ல் ஓய்வு பெற்றவன் நான். கணக்கு வழக்கில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பென்ஷன் கணக்கும் பால் கணக்கும்தான். அப்படிப்பட்டவனை 2021ல் ஒரு சிறிய பயோடெக் கம்பெனி கூப்பிட்டு, பங்குதாரர்களின் கடிதங்களுக்கும் தொலைபேசிக்கும் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்தது. "முதலீட்டாளர் தொடர்பு" என்று அதற்குப் பெயர்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கம்பெனியின் கணக்கு அதிகாரி எங்கள் காலனிக்காரர். தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் நான்கிலும் பொறுமையாகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார். லேட்டாக வரும் ரயிலுக்குப் பிளாட்பாரத்தில் வசவு வாங்கிப் பழகியவனுக்குப் பொறுமைக்கு என்ன பஞ்சம்? கம்பெனி செயலாளருக்குக் கீழே பகுதி நேர வேலை. மூன்று வருடம் இருந்தேன். அங்கே நான் செய்த ஒரு தவறையும், அதனால் கற்ற பாடத்தையும் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காத்திருக்கும் தொழில்

நம் ஹைதராபாத்துக்குப் பயோடெக் புதிதல்ல. சாந்தா பயோடெக்னிக்ஸ் 1993ல் இங்கே தொடங்கி, 1997ல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வெளியிட்டது. அதைத் தொடங்கிய வரபிரசாத் ரெட்டி எலெக்ட்ரானிக்ஸ் படித்த எஞ்சினியர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. நான்கு வருடம் வருமானத்தை எதிர்பாராமல் பணம் போட்டவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். ஷாமிர்பேட்டைப் பக்கம் போனால் ஜீனோம் வேலி முழுக்க இன்று இந்தத் தொழில்தான்.

எங்கள் கம்பெனி அந்த அளவுக்கு இல்லை. நொதிகளைத் தயாரித்து மற்ற மருந்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும். அந்த வருமானம் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் சரியாகப் போகும். நம்பிக்கை எல்லாம் ஒரே ஒரு களிம்பின் மேல். நீரிழிவுக்காரர்களுக்குக் காலில் வரும் ஆறாத புண்ணுக்கானது. ஒரு மருந்து கடைக்கு வருமுன் மனிதர்களிடம் பொதுவாக மூன்று கட்டமாகச் சோதிக்கப்பட வேண்டும். முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பைப் பார்ப்பார்கள். இரண்டாவதில் பலன் இருக்கிறதா, எந்த அளவில் கொடுப்பது என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளுக்குக் கொடுத்து உறுதி செய்வார்கள். எங்கள் களிம்பு இரண்டாவது கட்டத்தில் இருந்தது.

கொரோனா காலத்தில் மருந்துப் பங்குகள் எல்லாம் ஏறியபோது எங்கள் பங்கும் ஏறியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க என் தொலைபேசி மணி அதிகமாக அடித்தது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஐம்பது, நூறு, ஐந்நூறு பங்கு வைத்திருக்கும் பள்ளி ஆசிரியர், மருந்துக் கடைக்காரர், ஓய்வு பெற்றவர் ஆகியோர்தான் எங்கள் முதலாளிகள். அவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: "களிம்பு எப்போது வரும்?"

நல்ல நாளில் செய்த தவறு

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் நம் சங்கத்து அன்பர். மாயவரத்துக்காரர், தபால் துறையில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பத்மராவ் நகரில் வீடு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருக்கு நான் தம்பி. எனக்கு அவர் அண்ணன். பேத்தியின் படிப்புக்கு என்று ஒதுக்கிய பணத்தில் எங்கள் கம்பெனிப் பங்கு நானூறு வாங்கியிருந்தார்.

சங்கக் கூட்டங்களில் சந்திக்கும்போது கேட்பார். நானும் சிரித்துக்கொண்டே, "எல்லாம் நல்லபடியாகப் போகிறது அண்ணே, சோதனைக்கு ஆள் சேர்ந்துவிட்டது, டாக்டர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்பேன். அதில் ரகசியம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். எல்லாம் ஏற்கெனவே வெளியான செய்திதானே? ஆனால் செய்தியோடு என் முகத்தையும் சேர்த்துக் கொடுத்தேன் என்பது அப்போது புரியவில்லை. அவர் கம்பெனியின் அறிக்கையைப் படிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அந்தப் புதன்கிழமை

2022 நவம்பரில் ஒரு செவ்வாய் மாலை சோதனை முடிவு வந்தது. களிம்பு போட்டவர்களுக்கும் சாதாரணக் கட்டுப் போட்டவர்களுக்கும் புண் ஆறுவதில் வித்தியாசம் இல்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்கு இயக்குநர் குழு கூடி, உடனே பங்குச் சந்தைக்கு அறிவிப்பது என்று முடிவாயிற்று. அறிவிப்பின் நகலை எடுத்து வைக்க வேண்டியவன் என்பதால் எனக்கும் விஷயம் தெரியும்.

புதன் காலை பதினொரு மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, விலை நன்றாக இறங்கிக் கிடக்கிறது. இன்னும் ஒரு முந்நூறு வாங்கிப் போடலாமா?"

என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை. "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். சொன்னால் குற்றம். சொல்லாவிட்டால் துரோகம். "அண்ணே, வாங்குவது விற்பது பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. கம்பெனி அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "சரி சரி, உத்தியோக பாஷை பேசுகிறாய். கெட்ட சேதி இருந்தால் உன் குரலிலேயே தெரியுமே" என்று வைத்துவிட்டார்.

முந்நூறு பங்கு வாங்கினார். மாலை ஐந்து மணிக்கு அறிவிப்பு வெளியானது. வியாழனும் வெள்ளியும் பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. அதாவது அன்றைக்கு அனுமதித்த அடிமட்ட விலைக்கு விழுந்து, விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை என்ற நிலை. அடுத்த பொங்கல் விழாவில் அண்ணன் வந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சட்டம் ஏன் அப்படி?

செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, விலையைப் பாதிக்கக்கூடிய வெளிவராத தகவலை வைத்துக்கொண்டு வாங்குவதும் விற்பதும் குற்றம். முறையான காரணமின்றி அதை இன்னொருவருக்குச் சொல்வதும் குற்றம். காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, உள்ளே இருப்பவர்கள் சொந்தக் கம்பெனிப் பங்கைத் தொடக்கூடாது.

அண்ணனிடம் நான் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் வாங்காமல் தப்பியிருப்பார். கையிலிருந்த நானூறையும் விற்றிருப்பார். அதை யாரோ ஒருவர் வாங்கியிருப்பார். அவர் கரீம்நகரில் ஒரு பள்ளி ஆசிரியராக இருக்கலாம். அவருக்கு உள்ளே தம்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சிக்னல் கம்பம் எல்லா டிரைவருக்கும் தெரியும் இடத்தில் நிற்கிறது. வேண்டிய டிரைவரின் காதில் மட்டும் போய்ச் சொல்கிற வழக்கம் ரயில்வேயில் இல்லை.

ஆகவே புதன்கிழமை நான் பேசாமல் இருந்தது தவறல்ல. அதற்கு முன் ஒரு வருடம் பேசியதுதான் தவறு. நல்ல நாளிலும் "அறிவிப்பைப் பாருங்கள் அண்ணே" என்ற அதே பதிலைச் சொல்லி வந்திருந்தால், கெட்ட நாளில் அவர் என் குரலை நம்பிப் பணம் போட்டிருக்க மாட்டார்.

விலைக்குக் கிடைக்கும் புகழ்

விலை சரிந்து கிடந்தபோது ஒரு ஆலோசகர் அலுவலகத்துக்கு வந்தார். மாதம் இவ்வளவு கொடுங்கள், உங்கள் பங்கைப் பற்றி நாலு இடத்தில் நல்லபடியாக எழுத வைக்கிறேன், பேச வைக்கிறேன் என்றார். யார் பணம் கொடுத்தது என்று வெளியே தெரியாதாம். தள்ளாடும் கம்பெனிக்கு இது பெரிய சபலம்.

அமெரிக்காவில் இதே சபலத்துக்கு ஆளான கதை உண்டு. அங்குள்ள பங்குச் சந்தை ஆணையம் 2017 ஏப்ரலில் 27 தனிநபர்கள், நிறுவனங்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. பணம் வாங்கிக்கொண்டு, வாங்காதது போல் பங்குகளைப் புகழ்ந்து எழுதிய விவகாரம். 450க்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவற்றில் 250க்கும் மேற்பட்டவற்றில், கம்பெனியிடமிருந்து பணம் பெறவில்லை என்ற பொய் உறுதிமொழி வேறு. அதில் சிக்கிய கம்பெனிகளில் ஒன்று கலீனா பயோஃபார்மா என்ற சிறிய பயோடெக் நிறுவனம். மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமல் தடுப்பதற்காக அவர்கள் தயாரித்த தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை, பலன் தெரியவில்லை என்று 2016 ஜூனில் நிறுத்தப்பட்டிருந்தது. எத்தனை கட்டுரை எழுதினாலும் சோதனைக் கூடத்தின் முடிவு மாறாது.

எங்கள் நிர்வாகம் அந்த ஆலோசகருக்குக் காபி கொடுத்து அனுப்பியது. அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

ஒரு பக்கக் கடிதம்

2023 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அண்ணன் வீடியோ மூலம் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "நல்ல செய்தி இருந்தால் மாதம் ஓர் அறிவிப்பு வருகிறது. செய்தி இல்லாத ஏழு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறவில்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது.

அன்று மாலை செயலாளரிடம் சொன்னேன்: "சார், ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்று அறிவித்தால் ஜனங்கள் திட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எதுவுமே சொல்லாமல் விட்டால்தான் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கண்ணாடி உடையும்." பழைய கை சிக்னலில், கம்பி அறுந்துபோனால் கை தானாகவே "நில்" என்ற நிலைக்கு வரும்படி எடை கட்டியிருப்போம். கோளாறு வந்தால் பச்சை காட்டக்கூடாது என்பதே சிக்னல் சாஸ்திரத்தின் முதல் பாடம். கம்பெனிகளில் இது தலைகீழ். செய்தி இல்லாவிட்டால் எல்லாம் நலம் என்று பங்குதாரர் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதன்பின் ஒவ்வொரு காலாண்டு முடிவோடும் ஒரு பக்கக் கடிதம் எழுத ஆரம்பித்தோம். முதலில் பங்குச் சந்தைக்கு, பிறகு பங்குதாரர்களுக்கு. நான்கே தலைப்பு: சென்ற முறை என்ன சொன்னோம், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, கையிலிருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும். நல்ல காலாண்டானாலும் கெட்ட காலாண்டானாலும் தலைப்புகள் மாறக்கூடாது. முதல் கடிதத்திலேயே "பதினொரு மாதம்" என்று எழுதினோம். விலை ஏறவில்லை, சற்று இறங்கவே செய்தது. ஆனால் எனக்கு வரும் தொலைபேசி பாதியாகக் குறைந்தது.

நம்மவர்களுக்குச் சில குறிப்புகள்

நம் நாட்டில் டிமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் பத்துக் கோடியைத் தாண்டின. ஆகவே இது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

கையிருப்புப் பணத்தை மாதச் செலவில் பற்றாக்குறையால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு கோடி இருந்து மாதம் ஒரு கோடி கரைந்தால் ஒரு வருடம்தான் ஓடும். அதன்பின் புதுப் பங்கு வெளியிடுவார்கள். ஒரு கோடிப் பங்கு ஒன்றரைக் கோடியானால் உங்கள் பங்கு மூன்றில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

மருந்துச் சோதனை நடக்கிறது என்று ஒரு கம்பெனி சொன்னால் பதிவேட்டில் சரிபாருங்கள். இந்தியாவில் 2009 ஜூன் முதல் அத்தகைய சோதனைகளை அரசின் பதிவேட்டில் பதிவது கட்டாயம். யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

2023 ஜூலை விதித் திருத்தப்படி முக்கியச் செய்திகளுக்குக் கெடு உண்டு. கம்பெனிக்குள்ளிருந்து எழும் செய்தி 12 மணி நேரத்துக்குள்ளும், வெளியிலிருந்து வருவது 24 மணி நேரத்துக்குள்ளும் சந்தைக்குச் சொல்லப்பட வேண்டும். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் முறையில் புகார் செய்யலாம். 21 நாளில் பதில் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே தெரிந்தவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் பணம் போடாதீர்கள். அவர் யோக்கியராக இருந்தால் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

2024ல் நான் வேலையை விட்டேன். கம்பெனி இன்னும் தள்ளாடித்தான் நடக்கிறது. நொதி வியாபாரம் கைகொடுக்கிறது. அண்ணன் எழுநூறு பங்கையும் நஷ்டத்துக்கு விற்றுவிட்டார். சென்ற சித்திரை விழாவில் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். பாயசம் வந்தபோது, "அந்த ஒரு பக்கக் கடிதம் நீ எழுதியதுதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அதைப் பார்த்துத்தான் விற்றேன். ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாம்."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே பரிமாறுபவரைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டினார். "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் விடப்பா."