மலை மறைத்த மழை

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ளது இண்டூர். ஆடி மாதத்தில் அப்பக்கம் செல்பவர்கள் ஒரு விந்தையைக் காணலாம். மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைந்தோடும். காற்று புழுதியை வாரி இறைக்கும். மழை மட்டும் அரிதாகவே இறங்கும். அதே நாட்களில், மேற்கே ஒகேனக்கல்லில் காவிரி பெருக்கெடுத்து ஓடும். நிலம் வறண்டிருக்க நதி மட்டும் பெருகுவானேன்? இதைக் கலியின் கொடுமை என்போரும் உண்டு. தலைவிதி என்போரும் உண்டு. உண்மையில் இது காற்றும் மலையும் சேர்ந்து விளைவிப்பது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலில் நீராவியைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மோதிய காற்று மேலே எழும்புகிறது. எழும்பும் காற்று விரிந்து, ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்கிறது. நீராவி மேகமாகத் திரளத் தொடங்கியபின் அவ்வேகம் சற்றுக் குறையும். குளிர்ந்த காற்றினால் முன்போல் நீராவியைத் தாங்க முடியாது. மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது அதே காற்று அழுத்தமுற்றுச் சூடேறுகிறது. எஞ்சிய மேகமும் கலைகிறது. குடகில் மடிக்கேரி ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெற, கிழக்கே மைசூர் 800 மில்லிமீட்டரை ஒட்டியே பெறுகிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறும் 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். கோயம்புத்தூருக்குக் கிடைப்பதோ 700 மில்லிமீட்டரை ஒட்டியதே. இண்டூரும் இந்த மழை மறைவுப் பிரதேசத்தைச் சேர்ந்ததே.

வடகிழக்குப் பருவமாவது கைகொடுக்கிறதா என்றால், அதுவும் அரைகுறையே. வங்கக் கடலிலிருந்து வரும் காற்று தன் முதல் சுமையைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இறக்கிவிடுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கை ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, சேர்வராயன் மலைகள் வாங்கிக்கொள்கின்றன. மேற்கே ஒரு மதில், கிழக்கே ஒரு மதில். நடுவே அகப்பட்டது தர்மபுரிப் பீடபூமி. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மாலை வேளையில் இடியுடன் பெய்யும் மழையே இவ்வூர்க் குடியானவர்களுக்குப் பெரிய ஆதாரம். அதுவும் ஓர் ஊரில் பெய்து, அடுத்த ஊரை ஏமாற்றும் தன்மையது.

ஆயினும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஜில்லாவின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர். பழைய கணக்கில் 33 அங்குலத்துக்கு மேல். லண்டன் மாநகரத்தின் மழை இதைவிடக் குறைவு. அங்கே ஆண்டு முழுவதும் தூறலாகப் பெய்கிறது, வெயிலும் குடிப்பதில்லை. இங்கே சில நாட்களில் கொட்டி ஓடிவிடுகிறது. ஓர் ஏக்கரில் 850 மில்லிமீட்டர் பெய்தால் அது ஏறத்தாழ 34 லட்சம் லிட்டர் தண்ணீர். அதைத் தேக்கி வைக்கவே நம் முன்னோர் ஏரிகளையும் குளங்களையும் வெட்டினர்.

மழைக் குறைவு இயற்கையின் செயல், பஞ்சம் அவ்வாறன்று. 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் அதற்குச் சான்று. அன்று தர்மபுரி சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தது. 1871ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் 19 லட்சத்துக்கு மேலிருந்த அந்த ஜில்லாவின் ஜனத்தொகை, 1881இல் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. அக்கால வறட்சிக்குப் பசிபிக் மகாசமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியதும் ஒரு காரணம் என இன்றைய விஞ்ஞானிகள் கூறுகின்றனர். ஆனால் அப்போதும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அற்பக் காசுமாகக் குறைத்தார் ஸர் ரிச்சர்ட் டெம்பிள். பசிபிக் சமுத்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இயலாது. அந்த நிர்வாகத்தைச் சரித்திரம் நிறுத்தியே தீரும்.

அந்நிய ஆட்சி 1947இல் அகன்றது. ஆனால் தண்ணீர்க் குறை அகலவில்லை. ஏரிகள் தூர்ந்தன, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஆழத்திலுள்ள பாறைகளின் ஃபுளோரைடு குடிநீரில் கலந்து, பல்லையும் எலும்பையும் கெடுத்தது. இதை மாற்றவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அது குடத்துக்கு வந்த நீர்; வயலுக்கு வந்ததன்று.

காவிரியின் உபரி நீரை இறைத்து ஜில்லாவின் ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது இப்பகுதி ஜனங்களின் நெடுநாள் கோரிக்கை. மலை வானத்தில் மறித்த மழையே நதியாகத் தரையில் வருகிறது. ஆனால் அது பள்ளத்தில் ஓடுகிறது. நிலம் மேட்டில் கிடக்கிறது. ஏற்றுவதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். தஞ்சை விவசாயிகளின் உரிமைக்கும் பங்கம் நேரக் கூடாது. 2018ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த 177.25 டி.எம்.சி. நீரில் கைவைக்கும்படி எவரும் கேட்கவில்லை. மேட்டூர் நிரம்பி, வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலில் கலக்கும் காலங்களில், அதில் ஒரு சிறு பங்கையே கேட்கிறார்கள். 2018லும் 2022லும் அத்தகைய வெள்ளத்தைக் கண்ணாரக் கண்டோம். இது நியாயமான கோரிக்கை என்பதே நம் கருத்து.

அத்துடன் மற்றொரு கடமையும் உண்டு. தூர்ந்த ஏரிக்கும் அடைபட்ட வாய்க்காலுக்கும் காவிரியைக் கொண்டுவந்து பயனில்லை. ஆகவே ஊழியர்கள் கோஷத்தோடு நின்றுவிடாமல், காந்தி ஜயந்தியன்று கூடும் கிராம சபைக்குத் தத்தம் ஊரின் ஏரி, மதகு, வரத்து வாய்க்கால், ஆக்கிரமிப்பு ஆகியவற்றின் ஜாபிதாவுடன் செல்ல வேண்டும். அதைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சர்க்காரின் முன் வைக்க வேண்டும். மலையை நகர்த்த நம்மால் இயலாது. ஏரியின் வண்டலை நகர்த்த இயலும்.