அடிபட்டால் யார் பொறுப்பு?

சென்னைப் புறநகரில் சிட்லபாக்கம் போன்ற ஏரிகளின் கரையில் இப்போது நடைபாதை இருக்கிறது. நடப்பவர்களுக்காகப் போட்ட பாதை. இன்லைன் ஸ்கேட்டுக்காகப் போட்டதல்ல. பேவர் பிளாக் கல் ஒன்று கொஞ்சம் இறங்கியிருந்தால் செருப்புக்காலுக்கு அது தெரியாது. ஒரே வரிசையில் ஓடும் சின்னச் சக்கரங்கள் அங்கே சட்டென்று நின்றுவிடும், உடம்பு நிற்காது.

விழுகிறவர் கையைத்தான் முதலில் ஊன்றுவார். அதனால் மணிக்கட்டு முறிவு இதில் அதிகம். ரிஸ்ட் கார்டு என்ற மணிக்கட்டுக் கவசம் போடாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு என்று 1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஹெல்மெட், முட்டிக்கவசம் எல்லாம் வாங்குகிற பெற்றோர் பலர் ரிஸ்ட் கார்டை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மணிக்கட்டு வீங்கினால் எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்கவே கூடாது. கையை அசையாமல் கட்டி, எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனையில் உள்ள வளர்ச்சிப் பகுதியே சேதமாகலாம். தலையில் அடி என்றால் 108.

ஸ்கேட்டிங் பயிற்சியில் சேர்க்கும்போது, ‘அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. பணம் வாங்கிக்கொண்டு தரும் பயிற்சி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். முதல் வாரமே கவசமில்லாமல் கரைச் சரிவில் ஓடவிட்டால் அது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. சும்மா ஓடி விழுந்ததற்கெல்லாம் இது பொருந்தாது. பயிற்சியாளரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பயிற்சிக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முன்னதாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். கட்டணம் அனுப்பிய ஜிபே பதிவு, மருத்துவச் சீட்டு, இறங்கிய கல்லின் படம் இருக்கட்டும். படத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நடந்துபோன பெரியவரை உங்கள் பிள்ளை இடித்துவிட்டால் இதே கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். கூட்ட நேரத்தில் ஸ்கேட்டைக் கழற்றிவிடுவதே நல்லது.

பாதை பழுதைச் சொல்லப் போனால், ஏரி எங்களுடையதல்ல என்று உள்ளாட்சியும், நடைபாதை எங்களுடையதல்ல என்று நீர்வளத்துறையும் கைகாட்டக்கூடும். பராமரிப்பு யாருடையது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை இணைத்து மனுவை உரிய அலுவலகத்துக்கு அனுப்பலாம்.