வீட்டு அடையாளமே குடும்பப் பெயரானது

ஜெர்மானியக் குடும்பப் பெயர்களில் பல, முன்னோரின் தொழிலைச் சொல்பவை. 'முல்லர்' என்றால் மாவு ஆலைக்காரர். 'ஷ்மிட்' என்றால் கொல்லர். 'ஷூமாக்கர்' என்றால் காலணி தைப்பவர். ஆனால் உலகப் புகழ்பெற்ற 'ரோத்ஸ்சைல்ட்' என்ற பெயர் தொழிலால் வந்ததன்று. அப்படியானால் அது எப்படி வந்தது?

ஜெர்மன் மொழியில் 'ரோட்' என்றால் சிவப்பு. 'ஷில்ட்' என்றால் கேடயம். பிராங்பர்ட் நகரில் 1462ஆம் ஆண்டிலிருந்து யூதர்கள் அனைவரும் ஒரே ஒரு குறுகிய தெருவில்தான் குடியிருக்க வேண்டும் என்று நகர மன்றம் கட்டாயப்படுத்தியது. சுவர் சூழ்ந்த அந்தத் தெருவின் வாயிற்கதவுகள் இரவில் பூட்டப்பட்டன. அன்று வீடுகளுக்கு எண்கள் கிடையாது. ஒவ்வொரு வீட்டையும் அதன் சின்னத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐசக் எல்கானான் என்பவர் வாழ்ந்த வீட்டின் சின்னம் சிவப்புக் கேடயம்.

அக்கால யூதர்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வதே வழக்கம். நிலையான பெயர் வைத்தாக வேண்டும் என்று ஆஸ்திரியா சட்டம் இயற்றியதே 1787இல்தான். பிராங்பர்ட்டிலோ அதற்கு முன்பே வீட்டுப் பெயர்கள் குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டன.

ஐசக்கின் வழிவந்தவர்கள் 17ஆம் நூற்றாண்டில் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். பெயர் மட்டும் மாறவில்லை. அக்குடும்பத்தில் 1744இல் பிறந்த மாயர் அம்ஷெல் பழைய நாணய வணிகத்தில் தொடங்கி வங்கித் தொழிலில் உயர்ந்தார். அவர் பின்னாளில் வாங்கிய வீட்டின் பெயர் என்ன தெரியுமா? 'பச்சைக் கேடயம்'!

அவருடைய ஐந்து மகன்கள் பிராங்பர்ட், லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் ஆகிய நகரங்களில் வங்கித் தொழில் நடத்தினர். பிள்ளைகள் மாளிகைகளில் வாழ்ந்தபோதும் தாயார் குட்லே 1849இல் இறக்கும்வரை அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை.

பெயர் புகழடைந்ததும் புரளிகளும் தொடர்ந்தன. 1815இல் நடந்த வாட்டர்லூ போரின் முடிவை மகன் நேத்தன் நேரில் பார்த்து, லண்டனுக்கு விரைந்து சென்று, பங்குச் சந்தையில் பெரும் பணம் குவித்தார் என்பது அவற்றில் ஒன்று. 1846இல் பாரிஸில் வெளிவந்த ஒரு சிறு பிரசுரம் பரப்பிய கதை இது. உண்மையில் நேத்தன் அப்போர்க்களத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் நாஜிகள் 1940இல் அந்த வாட்டர்லூ கதையைத் திரைப்படமாக்கி யூதர் மீதான வெறுப்பை வளர்த்தார்கள். அந்த வெறுப்பு இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது.

இன்றும் இக்குடும்பம்தான் உலகையே ஆட்டிப்படைக்கிறது என்ற செய்திகள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. அப்பெயரில் எந்த மர்மமும் இல்லை. இரவில் பூட்டி வைக்கப்பட்ட ஒரு தெருவில், ஒரு வீட்டைக் காட்ட உதவிய அடையாளம் அது. இதை அறிந்தவர், வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு கணம் நின்று யோசிப்பார்.