தூளைக் கட்டியாக்கும் நெருப்பு

தாது கையிலிருந்தால் உலோகமும் கையிலிருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். அவ்வாறன்று என்பதை 1914ஆம் ஆண்டு உணர்த்திற்று. பர்மாவின் தவாய்ப் பகுதியில் கிடைத்த வுல்ஃப்ரமைட் என்னும் டங்ஸ்டன் தாது, அதுவரை பெரும்பாலும் ஜெர்மனிக்குச் சென்றே பக்குவம் பெற்றது. போர் மூண்டதும், தாதுவை உடைய பிரிட்டன், வெட்டுளிகளுக்கான எஃகில் சேர்க்க டங்ஸ்டன் இன்றித் திண்டாடிற்று. தாதுவுக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள நெடுவழியில் ஒரு படியைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன்.

வுல்ஃப்ரமைட் நீரைவிட ஏழு மடங்கு கனமானது. அதனைச் சூழ்ந்துள்ள வெண்கல்லோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆகவே பாறையை நொறுக்கி, ஓடும் நீரில் அலசினால், கல் அடித்துச் செல்லப்படும், தாது தங்கும். முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் நிற்பதில்லையா? அதுபோலத்தான். ஆனால் தாது கல்லினின்று முற்றும் பிரிய வேண்டுமாயின், நுண்ணிதாக நொறுக்கவேண்டும். இறுதியில் நமக்குக் கிடைப்பது மாவு போன்ற தூள்.

இத்தூளை அப்படியே மின்உலையில் கரியோடு இட்டால் என்ன நேரும்? கரி, தாதுவிலுள்ள ஆக்ஸிஜனைக் கவர்ந்து வாயுவாக மேலெழும். அவ்வாயுவே விலையுயர்ந்த தூளையும் வாரிக்கொண்டு போய்விடும். அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருள் புகைபோக்கி வழியே போவதா?

இதற்கு விடையே சின்டரிங். செங்கற் சூளையை நினைத்துப் பாருங்கள். சூளையில் மண் உருகி ஓடுவதில்லை. துகள்கள் தொடும் இடங்களில் மட்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. தாதுத் தூளையும் அவ்வாறே சுடலாம். 1906இல் மெக்ஸிகோவின் கனனேயா செப்புச் சுரங்கத்தில் டுவைட், லாயிட் என்னும் இருவர் இதற்கோர் எந்திரம் அமைத்தனர். ஈரத் தூளைத் தட்டிலே பரப்பி, மேலே தீ மூட்டி, கீழிருந்து காற்றை இழுத்தால், நெருப்பு அடுக்கடுக்காய்க் கீழிறங்கும். தாதுவிலுள்ள கந்தகமும் பெரும்பாலும் எரிந்து நீங்கும்.

இங்கே அளவறிதல் இன்றியமையாதது. சூடு குறைந்தால் கட்டி உதிரும்; மிகுந்தால் உருகிக் கண்ணாடிபோல் இறுகும், உலைவாயு உட்புக வழியிராது. உறுதியும் வேண்டும், நுண்துளைகளும் வேண்டும். மாணவ நண்பர்களே, பிரிப்பதற்கு வேண்டிய நுண்மையே உலையில் இழப்புக்குக் காரணமாகிறது. அவ்விழப்பைத் தடுத்து, தூளை உலைக்கு ஏற்றதாக்குவதே இந்தப் படியின் பயன். இத்தகைய படிகளை அறிந்தவர்க்கே தாது உலோகமாகிறது.