பெரிய சென்ட் காசுகள்

மனிதன் செய்த பொருள்களுள் காசைப்போல் ஊர் சுற்றிய பொருள் பிறிதொன்று இல்லை. இன்று செல்வரின் பெட்டியில் கிடக்கும் காசு, நாளை உழைப்பாளியின் மடியில் முடியப்படும். மறுநாள் கடைக்காரரின் கல்லாவில் ஒலிக்கும். இவ்வாறு பல்லாயிரம் கைகள் மாறித் தேய்ந்த காசு ஒன்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, அது தான் பிறந்த நாட்டின் வரலாற்றை எடுத்துரைக்கும். அக்காரணம் பற்றியே அறிஞர் பலர் பழங்காசுகளைத் தேடிச் சேர்க்கின்றனர்.

இக்கலையைப் புதிதாகத் தொடங்குவோர்க்கு ஏற்றவற்றுள் ஒன்று, கனடா நாட்டின் பெரிய சென்ட் வரிசையாகும். சென்ட் என்பது டாலரின் நூற்றில் ஒரு பங்கு. 1858 முதல் 1920 வரை வெளிவந்த சென்ட் காசுகள் அளவில் பெரியவை. இவ்வரிசைக்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாக உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை சிறு தொகைக்கே கிடைப்பவை, அரியவை சிலவே. ஆகவே, செல்வம் இல்லாதாரும் பொறுமை இருந்தால் இவற்றைச் சேர்க்கலாம்.

இக்காசுகளின் பிறப்பு வரலாறு சுவை மிக்கது. கனடா மாகாணத்தில் முன்னர்ப் பவுன், ஷில்லிங், பென்னி என்னும் ஆங்கிலக் கணக்கே வழங்கி வந்தது. 1858-ஆம் ஆண்டு தொடங்கி அரசாங்கக் கணக்கு டாலரிலும் சென்ட்டிலும் எழுதப்பெற்றது. புதிய கணக்கிற்குப் புதிய காசு வேண்டுமன்றோ? லியோனார்டு சார்ல்ஸ் வயன் என்னும் கலைஞர் அதற்கு உருவமைத்தார். ஒருபுறம் வாகைமாலை சூடிய விக்டோரியா அரசியாரின் இளமுகம். மறுபுறம் பதினாறு மேப்பிள் இலைகள் தழைத்த வளைகொடி. அதன் நடுவே காசின் பெயரும் ஆண்டும். இக்காசுகள் இலண்டன் நாணயச் சாலையில் வெண்கலத்தால் அச்சிடப்பெற்றன. அவ்வெண்கலத்தில் நூற்றுக்கு 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம். காசின் குறுக்களவு ஓரங்குலம். நூறு காசுகளின் எடை ஒரு பவுண்டு. எனவே, இக்காசு அளவுகோலாகவும் எடைக்கல்லாகவும் உதவக்கூடியதாய் இருந்தது.

இத்துணைச் சிறப்புடன் வந்த காசை மக்கள் விரும்பி ஏற்கவில்லை. அதற்குமுன் வங்கிகள் வெளியிட்ட கனத்த செம்பு வில்லைகளைப் புழங்கிப் பழகியவர்களுக்கு, இம்மெல்லிய காசு மதிப்புக் குறைந்ததாகத் தோன்றியது. அன்றியும், 1858-இல் சுமார் 4,21,000 காசுகளும், 1859-இல் 95 இலட்சத்திற்கு மேற்பட்ட காசுகளும் அச்சாயின. மாகாணத்தின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 25 இலட்சமே. ஆகவே, பெருந்தொகையான காசுகள் கொள்வாரின்றித் தேங்கிக் கிடந்தன. தள்ளுபடி விலைக்கும் அவை தரப்பெற்றன. 1867-இல் மாகாணங்கள் இணைந்து கனடா கூட்டாட்சி உருவாயிற்று. புதிய அரசும் அப்பழைய காசுகளையே வழங்கி வந்தது. பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1876-இல் மீண்டும் சென்ட் அச்சிடும் தேவை எழுந்தது. இம்முறை எண்பது காசுகள் ஒரு பவுண்டு எடையுள்ளனவாக, காசு கனமாக்கப்பெற்றது. மக்களின் மனக்குறை நீங்கியது.

பெரிய சென்ட் சேர்க்கத் தொடங்குவோர் முதலில் ஐந்து காசுகளைத் தேடுதல் நன்று. முதலாவது, 1858 அல்லது 1859-ஆம் ஆண்டுக் காசு. இவற்றுள் 1859 எளிதிற் கிடைக்கும். இரண்டாவது, 1876 முதல் 1901 வரை வெளிவந்த விக்டோரியா காசு. இதில் அரசியார் வாகைமாலைக்கு மாறாகச் சிறுமுடி அணிந்து, முதிர்ந்த தோற்றத்துடன் காணப்படுவார். மூன்றாவது, 1902 முதல் 1910 வரை வெளிவந்த ஏழாம் எட்வர்டு மன்னரின் காசு.

நான்காவது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டுக் காசு. இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 'கடவுளின் அருளால்' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் அரசர் பெயருடன் பொறிக்கப்படுவது வழக்கம். 1911-இல் அத்தொடர் விடுபட்டது. மக்கள் வெகுண்டனர், அதனைக் 'கடவுளற்ற காசு' என்று இகழ்ந்தனர். அடுத்த ஆண்டே அத்தொடர் மீண்டும் இடம்பெற்றது. அவ்வாறு 1912 முதல் 1920 வரை வெளிவந்த காசே ஐந்தாவது. இந்த ஜார்ஜ் காசுகளில் அரசர் பெயரை அடுத்து இந்தியாவின் பேரரசர் என்னும் பட்டமும் இலத்தீனில் சுருக்கமாகக் காணப்படும். கடல்கடந்த கனடாவின் சிறு காசிலும் இந்தியா அந்நாளில் அடிமைப்பட்டிருந்த செய்தி பதிந்திருப்பது நினைக்கத்தக்கது.

ஐந்து வகைகளும் கைக்கு வந்தபின், ஆண்டு வரிசையை நிறைவாக்க முயலலாம். குறிப்பேட்டில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, கிடைத்தவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். சில காசுகளில் 'எச்' என்னும் சிறிய ஆங்கில எழுத்துக் காணப்படும். அது, பர்மிங்ஹாம் நகரிலிருந்த ஹீட்டன் நாணயச் சாலையின் அடையாளம். 1908-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒட்டாவா நகரில் நாணயச் சாலை திறக்கப்பெற்றது முதல், கனடா தன் காசுகளைத் தன் மண்ணிலேயே அச்சிடலாயிற்று. 'எச்' எழுத்துடைய 1907-ஆம் ஆண்டுக் காசு கிடைத்தற்கு அரியது. 1859-ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் 9 என்னும் எண்ணின் அடியில் 8-இன் சுவடு தோன்றும். 1891-இல் எண்ணின் அளவும் இலையின் அளவும் மாறிய மூன்று வகைகள் உண்டு. இவ்வேறுபாடுகளைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். கண்ணுக்குப் பயிற்சி வந்தால், பிறர் கவனியாது விட்ட காசிலும் அரிய செய்தி புலப்படும்.

காசை வாங்குமுன் அதன் தேய்மானத்தை ஆராய்தல் வேண்டும். மேடான பகுதிகளே முதலில் தேய்வன. அரசியாரின் காதிற்கு மேலுள்ள கூந்தலும், மன்னர்களின் முடியிலுள்ள பட்டையும் தெளிவாக இருப்பின் அது நல்ல காசு. விளிம்பில் வெட்டும், முகத்தில் கீறலும் இல்லாதிருத்தல் வேண்டும்.

இனி, தொடக்க நிலையில் உள்ளோர் பலர் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. பழைய காசு கருத்தும் பழுத்தும் இருக்கக் கண்டு, செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்குவதுபோல் அதனையும் விளக்கிவிடுகின்றனர். காசு பளபளக்கின்றது, ஆனால், அதன் உயிர் போய்விடுகின்றது. செம்பு பல்லாண்டுகள் காற்றோடு கலந்து தன்மேல் ஒரு பழுப்புப் படலத்தைப் போர்த்துக்கொள்கின்றது. அப்படலமே அடியிலுள்ள உலோகத்திற்குக் காப்பு. புளியின் அமிலம் அதனைக் கரைத்துவிடும். தேய்க்கும் கையோ எழுத்தின் கூர்மையை அழித்துவிடும். நூறாண்டுக் காலம் கெடுக்காத காசை ஒரு நாழிகையில் கெடுத்துவிடலாம். கெட்டதை மீட்க எவராலும் இயலாது. விளக்கிய காசை, அறிந்தோர் குறைந்த விலைக்கே கேட்பர்.

ஆதலால், காசை விளிம்பிற் பற்றியே எடுத்தல் வேண்டும். விரலின் வியர்வை செம்பிற் கறையாகும். கீழே மென்துணி விரித்துக்கொண்டு பார்த்தால், தவறி விழுந்தாலும் ஊறு நேராது. மிருதுவான சிலவகைப் பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் கசிந்து காசைப் பசுமையாக்கும். அவற்றைத் தவிர்த்து, காசுகளுக்கென்றே செய்த உறைகளில் வைத்து, ஈரம் புகாத இடத்திற் காத்தல் வேண்டும். ஈரம் பட்டால் களிம்பு ஏறும்.

1920-இல், செம்பின் செலவைக் குறைக்கும் பொருட்டு முக்கால் அங்குலக் குறுக்களவுள்ள சிறிய சென்ட் வெளிவந்தது. அவ்வாண்டோடு பெரிய சென்ட் அச்சிடுதல் நின்றது. 2012-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சிறிய சென்ட்டும் இறுதியாக அச்சிடப்பெற்றது. 2013 பிப்ரவரியில் அதன் வழங்கலும் நிறுத்தப்பெற்றது. அங்காடியிலிருந்து சென்ட் மறைந்தாலும், அதன் வரலாறு சேர்ப்போர் கையில் வாழ்கின்றது. ஒருகாலத்தில் கொள்வாரின்றிக் கிடந்த 1859-ஆம் ஆண்டுக் காசை இன்று தேடிப் பெற்று மகிழ்வோர் உளர்.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். விளக்கிய காசைப் புத்தம் புதியதென்றும், எண் திருத்திய காசை அரியதென்றும் விற்போரும் உண்டு. அவரிடம் காசு இருக்கலாம், நாணயம் இல்லை. தன் கைக்கு வந்ததைக் கெடுக்காமலும், அதன் குறையை மறைக்காமலும் காத்து, அடுத்த தலைமுறைக்கு அளிப்பவரே உண்மையில் நாணயம் சேர்ப்பவர்.